மறைவும் சூடும் ஒருங்கே: சோளப் பாம்புக் குட்டி வளர்ப்பின் அறிவியல்

அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் ஜூலை முதல் செப்டம்பர் வரை சோளப் பாம்பின் முட்டைகள் பொரிகின்றன. உளுத்த பைன் மரக்கட்டைக்குள்ளோ மக்கிய இலைக்குவியலுக்குள்ளோ தாய் இட்டுவிட்டுப் போன முட்டைகள் அவை. ஒரு ஈட்டில் 10 முதல் 30 வரை இருக்கும். ஏறத்தாழ இரண்டு மாதம் அந்த மக்கலின் கதகதப்பிலேயே கிடந்து கரு முதிர்கிறது. பிறகு குட்டியின் மூக்கு நுனியில் இருக்கும் முட்டைப்பல், தோல் போன்ற ஓட்டைக் கீறுகிறது. தலையை நீட்டிய குட்டி உடனே வெளியே வந்துவிடாது. ஒரு நாளோ இரண்டு நாளோ அப்படியே இருந்து, எஞ்சிய மஞ்சள்கருவை உடம்புக்குள் வாங்கிக்கொண்ட பிறகே நகரும். அப்போது அதன் நீளம் 20 முதல் 35 செ.மீ.; எடை பெரும்பாலும் 10 கிராமுக்குள்.

அதை வரவேற்கத் தாய் அங்கே இல்லை. பறவை, நரி, ரக்கூன், பெரிய பாம்பு என்று அதைத் தின்னக்கூடியவற்றின் பட்டியல் நீளம். கடித்தாலும் நஞ்சு கிடையாது. ஓடினாலும் வேகம் போதாது. அதனிடம் உள்ள முதன்மையான தற்காப்பு கண்ணில் படாமல் இருப்பதுதான். கழன்ற மரப்பட்டையின் அடியில், வேர் மக்கிப்போன குழிவில், மண்ணின் விரிசலில் உடம்பின் எல்லாப் பக்கமும் எதையாவது தொட்டுக்கொண்டிருக்கும்படி செருகிக்கொள்கிறது. முன்னோர் பல்லாயிரம் தலைமுறையாக ஒளிந்து பிழைத்ததால், ஒளிவது அதற்குக் கற்றுக்கொடுக்கத் தேவையில்லாத வித்தையாகிவிட்டது.

இதே குட்டிதான் இன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மிகப் பரவலாக வளர்க்கப்படும் பாம்புகளில் ஒன்று. வளர்ப்பு நூல்கள் அதற்கான விதிகளை அடுக்கிக்கொண்டே போகின்றன: இத்தனை டிகிரி, இத்தனை சதவீத ஈரம், இத்தனை நாளுக்கு ஒரு இரை. இவற்றைத் தனித்தனியே நினைவில் வைப்பது கடினம். ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுவது ஒரே கருத்து. ஒரு தேவைக்காக இன்னொரு தேவையைக் கைவிடும் கட்டாயத்தைக் குட்டிக்கு உண்டாக்கக் கூடாது. சூடு வேண்டுமானால் மறைவிடத்தை விட்டு வெளியே வர வேண்டும், மறைவு வேண்டுமானால் குளிரில் கிடக்க வேண்டும் என்று பெட்டி அமைந்தால், அந்தப் பாம்பு எதைத் தேர்ந்தாலும் இழப்பு அதற்கே.

காட்டிலிருந்து பெட்டிக்கு

சோளப் பாம்புக்கு 1766இல் அறிவியல் பெயர் சூட்டியவர் லின்னேயஸ். இன்று அது பாந்தெரோஃபிஸ் குட்டாடஸ் எனப்படுகிறது. நம் ஊர்ச் சாரைப்பாம்பு இருக்கும் கொலுப்ரிடே குடும்பத்தைச் சேர்ந்தது. வடக்கே நியூஜெர்சியின் பைன் காடுகள் தொடங்கித் தெற்கே ஃபுளோரிடாவின் தீவுக்கூட்டம் வரை வாழ்கிறது. மக்காச்சோளக் களஞ்சியங்களில் எலி தேடி நுழைவதால் குடியானவர்களுக்கு நன்கு பழக்கமான பாம்பு. ஆரஞ்சு உடம்பில் கருங்கரையிட்ட செம்புள்ளிகள், வயிற்றில் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள். அதைக் காப்பர்ஹெட் என்னும் நச்சுப் பாம்பென்று தவறாக நினைத்து அடித்துக் கொல்வது அங்கே இன்றும் நடக்கிறது.

முழு வளர்ச்சியில் பெரும்பாலானவை ஒரு மீட்டருக்கும் ஒன்றரை மீட்டருக்கும் இடைப்பட்ட நீளம் இருக்கும். சாதுவான இயல்பு, நல்ல பசி, வளர்ப்பிடத்திலேயே எளிதாக இனம் பெருகும் தன்மை ஆகியவற்றால் வீடுகளுக்கு மட்டுமல்லாமல் ஆய்வுக்கூடங்களுக்கும் பிடித்தமான பாம்பாகிவிட்டது. பாம்பின் உடல் ஏன் இவ்வளவு நீளம் என்ற கேள்விக்கு 2008இல் ‘நேச்சர்’ இதழில் விடை சொன்ன ஆய்வு சோளப் பாம்பின் கருவைக் கொண்டே நடந்தது. கருவில் முதுகெலும்புக் கண்ணிகளை வெட்டி வகுக்கும் மரபணுக் கடிகாரம், உடல் வளரும் வேகத்தோடு ஒப்பிட்டால் பாம்பில் மிக விரைவாக அடிக்கிறது. எனவே கண்ணிகள் சிறிதாகவும் ஏராளமாகவும் அமைகின்றன. சுண்டெலிக்கு 65 என்றால் சோளப் பாம்புக்கு 315. அத்தனை கண்ணிகளும் வளையக்கூடியவை என்பதால், தலை நுழைந்த இடுக்கில் உடம்பு முழுவதும் நுழைந்துவிடும்.

பெட்டி தேர்ந்தெடுக்கும்போது முதலில் நினைவில் கொள்ள வேண்டியது இதுதான். பென்சில் பருமன்கூட இல்லாத குட்டிக்கு, மூடியின் ஓரத்தில் தெரியும் அரை விரல் இடைவெளியே வாசல். கொக்கி வைத்து இறுக்கப் பூட்டக்கூடிய மூடி, காற்று புக சிறு சிறு துளைகள், உட்புறம் கூர்முனையற்ற பரப்பு இவை போதும். ஏறத்தாழ 35 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம் உள்ள பிளாஸ்டிக் பெட்டியில்தான் பல வளர்ப்பாளர்கள் குட்டியைத் தொடங்குகிறார்கள். வளர வளரப் பெட்டியும் வளர வேண்டும். பாம்பு முழு நீளத்துக்கு உடலை நீட்டிக்கொள்ளும் இடம் அதற்கு வேண்டும் என்பது இன்றைய ஊர்வன மருத்துவர்கள் பலரின் கருத்து. வளர்ந்த சோளப் பாம்புக்கு 120 செ.மீ. நீளமும் 60 செ.மீ. அகலமும் உள்ள கூண்டு இப்போது பலரும் சொல்லும் அளவு.

பெரிய கூண்டில் விட்டால் குட்டி பயந்து இரை எடுக்காது என்று நெடுங்காலமாகச் சொல்லிவந்தார்கள். அனுபவத்தில் அது உண்மையாகத்தான் தெரிந்தது. ஆனால் குட்டியைப் பயமுறுத்தியது பரப்பின் அளவைவிட அதன் வெறுமை. காடு எந்தக் கூண்டைக் காட்டிலும் பெரிது. அங்கே ஒவ்வோர் அடிக்கும் ஒரு சருகு, ஒரு வேர், ஒரு கல் இருக்கிறது. அகன்ற கூண்டானாலும் மரப்பட்டைத் துண்டு, செயற்கை இலைக்கொத்து, அட்டைக் குழல், சருகு என்று நெருக்கமாக நிரப்பிவிட்டால் குட்டி மறைவுவிட்டு மறைவுக்குப் போய்வரும். சோளப் பாம்பு நன்றாக மரமேறும் பாம்பு என்பதால் சாய்வாக ஒரு கிளையும் வேண்டும்.

மறைவிடத்தின் மேல் இந்த உயிருக்கு எவ்வளவு ஈடுபாடு என்பதை 1999இல் வெளியான ஒரு சோதனை காட்டியது. ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் டேவிட் ஹோல்ட்ஸ்மனும் அவருடன் பணியாற்றியவர்களும் இளம் சோளப் பாம்புகளைத் திறந்த வட்ட அரங்கில் விட்டார்கள். அரங்கில் இருந்த பல துளைகளுள் ஒன்று மட்டுமே ஒளிந்துகொள்ள வழிவிடும். உணவைப் பரிசாக வைக்கவில்லை. ஒளிய இடம் கிடைப்பதே பரிசு. சில நாள் பயிற்சியில் பாம்புகள் சரியான துளையை நோக்கி முன்னிலும் விரைவாகப் போகக் கற்றுக்கொண்டன. வெறும் இயல்புணர்ச்சியால் இயங்கும் பிராணி என்று பாம்பை ஒதுக்கிய கருத்துக்கு விழுந்த நல்ல அடி அது. பாம்பைக் கற்கத் தூண்டியது மறைவிடத்தின் ஆசை என்பது வளர்ப்பவர்களுக்கான செய்தி.

சூடும் மறைவும்

பாம்பு தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்வதில்லை, சுற்றுப்புறத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. செரிமானம், நோய் எதிர்ப்பு, வளர்ச்சி எல்லாமே அப்படி எடுத்த வெப்பத்தின் கையில் இருக்கின்றன. பொதுவாக உடல் வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் ஊர்வனவற்றின் வளர்சிதை மாற்ற வேகம் இரண்டு முதல் மூன்று மடங்காகிறது. குளிர்ந்த பாம்பின் வயிற்றில் இரை செரிப்பதற்கு முன் அழுகத் தொடங்கும்; பாம்பு அதைக் கக்கிவிடும்.

எப்போதும் சூடாகவே வைத்திருந்தால் சிக்கல் தீருமா? தீராது. செரிக்கும்போது ஒரு வெப்பம், இரையில்லாத நாளில் ஒரு வெப்பம், சட்டை உரிக்கும் முன் ஒரு வெப்பம் என்று பாம்பின் தேவை மாறிக்கொண்டே இருக்கும். அதை வெளியிலிருந்து நாம் கணிக்க முடியாது, பாம்புக்குத் தெரியும். நாம் செய்யக்கூடியது பெட்டியின் ஒரு முனையைச் சூடாகவும் மறுமுனையைக் குளிர்வாகவும் வைத்து, நடுவில் படிப்படியான சரிவு அமைத்துக்கொடுப்பது. சோளப் பாம்புக் குட்டிக்குச் சூடான முனை 28 முதல் 30 டிகிரி, குளிர்ந்த முனை 22 முதல் 24 டிகிரி என்பது நிலைபெற்ற அளவு. பெட்டி முழுவதும் 32 டிகிரியைத் தாண்டும்படி விடக் கூடாது.

சூடான முனையில் ஒரு மறைவிடம், குளிர்ந்த முனையில் ஒரு மறைவிடம். கடையில் வாங்கிய பிளாஸ்டிக் குகையானாலும் தேங்காய்ச் சிரட்டையானாலும் குட்டிக்கு ஒன்றுதான். அது உள்ளே சுருண்டால் முதுகு கூரையையும் பக்கங்கள் சுவரையும் தொட வேண்டும். விசாலமான குகை அதற்கு மறைவாகத் தோன்றாது. ஒரே ஒரு மறைவிடத்தைக் குளிர்ந்த முனையில் வைத்துவிட்டு, பாம்பு சூட்டுக்குப் போவதே இல்லை, இரையையும் கக்குகிறது என்று குழம்புபவர்கள் உண்டு. சூட்டைவிடப் பாதுகாப்புதான் முக்கியம் என்று குட்டி முடிவெடுத்திருக்கிறது. காட்டில் அந்த முடிவு அதன் உயிரைக் காத்திருக்கும், பெட்டியில் அதே முடிவு உயிருக்கு உலை வைக்கிறது.

குட்டிக்கு வெப்ப விஷயத்தில் பெரிய பாம்பைவிட ஆபத்து அதிகம். உடல் சிறுத்தால், எடையோடு ஒப்பிட்ட தோல்பரப்பு கூடும். ஆகவே ஏழு கிராம் உடம்பு சுற்றுப்புற வெப்பத்தைச் சடுதியில் ஏற்றுக்கொள்ளும், அதே வேகத்தில் ஈரத்தையும் இழக்கும். வளர்ந்த பாம்பு தாங்கிக்கொள்ளும் ஒரு மணி நேரத் தவறைக் குட்டி தாங்காது.

பெட்டியின் தரைப்பரப்பில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் படும்படி அடியில் வைக்கும் வெப்ப விரிப்பு பலரும் பயன்படுத்துவது. மேலிருந்து விளக்கால் சூடாக்குவது இயற்கைக்கு நெருக்கமானது என்று வாதிடுபவர்களும் உண்டு. எதுவானாலும் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் மின்சாரத்தில் சொருகவே கூடாது. கட்டுப்பாடற்ற விரிப்பின் மேற்பரப்பு 40 டிகிரியையும் தாண்டக்கூடும். அடிவயிறு வெந்துபோன பாம்புகள் கால்நடை மருத்துவர்களுக்குப் புதிதல்ல. சூடேறும் செயற்கைப் பாறைகளையும் இதே காரணத்தால் தவிர்க்கச் சொல்கிறார்கள். வெப்பமானியைச் சுவரில் ஒட்டி வைத்தால் அது காற்றின் வெப்பத்தைத்தான் சொல்லும். குட்டி படுக்கும் தரையில், மறைவிடத்துக்குள்ளே அளப்பதுதான் சரியான அளவு.

வெளிச்சத்தைப் பற்றிய எண்ணமும் மாறிவருகிறது. இரவில் நடமாடும் பாம்புக்குப் புற ஊதாக் கதிர் தேவையில்லை என்றுதான் வெகுகாலம் சொன்னார்கள். 2008இல் அமெரிக்கக் கால்நடை ஆய்விதழ் ஒன்றில் வெளியான சோதனையில், புற ஊதா விளக்கின் கீழ் வைத்த சோளப் பாம்புகளின் இரத்தத்தில் வைட்டமின் டி அளவு உயர்ந்திருந்தது. முழு எலியைத் தின்னும் பாம்பு அந்த விளக்கு இல்லாமலும் உயிர் வாழும். ஆனாலும் மிதமான விளக்கு வைத்து, நிழலும் தாராளமாகக் கொடுத்து, வேண்டுமா வேண்டாமா என்பதைப் பாம்பிடமே விடுவது நல்ல வழி. பகல் ஏறத்தாழ 12 மணி நேரம், இரவு முழு இருட்டு.

ஈரமும் சட்டையும்

குட்டி பிறந்து ஒரு வாரம், பத்து நாளில் முதல் சட்டையை உரிக்கும். அதன் பிறகு வளரும் பருவம் முழுவதும் ஏறக்குறைய மாதத்துக்கு ஒருமுறை. பழைய தோலுக்கும் அடியில் உருவாகும் புதிய தோலுக்கும் நடுவே ஒரு திரவம் ஊறுவதால் நிறம் மங்கும். கண்கள் நீலம் பூத்த பால் நிறமாகும். பாம்புக்கு இமை கிடையாது, கண்ணை மூடியிருப்பது கண்ணாடி போன்ற ஒரு செதில். அதுவும் சட்டையோடு உரியும். சில நாளில் கண் மறுபடி தெளியும். தெளிந்து மூன்று, நான்கு நாளில் மூக்கை எதிலாவது தேய்த்துத் தோலைக் கழற்றிவிடும்.

காற்றில் ஈரம் 40 முதல் 60 சதவீதம் இருந்தால் சட்டை ஒரே துண்டாக வரும். வறண்டால் பிய்ந்து பிய்ந்து ஒட்டிக்கொள்ளும். வால் நுனியைச் சுற்றி வளையமாக ஒட்டிய பழைய தோல் இறுகினால் இரத்த ஓட்டம் நின்று நுனி உதிர்ந்துவிடும். ஈரம் வேண்டும் என்று பெட்டி முழுவதையும் நனைத்து வைப்பதும் கேடுதான். எந்நேரமும் ஈரத்தரையில் கிடக்கும் பாம்புக்கு வயிற்றுச் செதில்களில் கொப்புளமும் மூச்சுக்குழாய்த் தொற்றும் வரும். இங்கும் தீர்வு அதே தேர்வுரிமைதான். ஈரமான பாசி நிரப்பிய சிறு டப்பாவில் ஒரு துளை போட்டு மூன்றாவது மறைவிடமாக வைத்தால், வேண்டிய நாளில் குட்டி உள்ளே போகும், வேண்டாத நாளில் உலர்ந்த தரையில் கிடக்கும். கண்ணில் தோல் ஒட்டியிருந்தால் இடுக்கியால் பிடுங்கவே கூடாது. அடுத்த சட்டையோடு பெரும்பாலும் தானே வந்துவிடும். வராவிட்டால் மருத்துவர் பார்க்கட்டும்.

தரைக்கு முதல் சில வாரங்கள் சமையலறைக் காகிதம் சிறந்தது. கழிவின் நிறமும் கக்கிய இரையும் பூச்சியின் தடமும் அதில் உடனே தெரியும். பிறகு ஆஸ்பென் மரச்சீவல் போடலாம். குட்டி அதற்குள் சுரங்கம் குடைந்து வாழும். தேவதாரு, பைன் மரச்சீவல்களின் மணமுள்ள எண்ணெய்கள் மூச்சுக்குழாயை உறுத்துவதால் அவற்றை ஒதுக்க வேண்டும். தண்ணீர்க் கிண்ணம் குட்டி உடம்போடு இறங்கக்கூடிய அகலமாகவும் கவிழாத கனமாகவும் இருக்கட்டும்.

முதல் இரை

முட்டையிலிருந்து கொண்டுவந்த மஞ்சள்கரு தீரும்வரை குட்டிக்குப் பசி தெரியாது. அதனால் முதல் சட்டை உரிந்த பிறகுதான் முதல் இரை. கண் திறக்காத, மயிர் முளைக்காத சுண்டெலிக் குஞ்சு வழக்கமான உணவு; வளர்ப்பவர்கள் அதைப் ‘பிங்கி’ என்பார்கள். குட்டியின் உடம்பில் தடித்த இடத்தின் பருமனுக்குச் சமமாகவோ அதிகம் போனால் ஒன்றரை மடங்காகவோ இருக்கலாம். ஐந்து முதல் ஏழு நாளுக்கு ஒன்று போதும்.

உறைய வைத்துக் கடைகளில் விற்கும் எலியைக் குளிர்பெட்டியில் உருகவிட்டு, பைக்குள் போட்டு வெதுவெதுப்பான நீரில் வைத்து 37, 38 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும். மைக்ரோவேவில் வைத்தால் வெளியே வெந்து உள்ளே உறைந்திருக்கும். சோளப் பாம்புக்கு மலைப்பாம்புக்கு உள்ளதுபோல வெப்பத்தை உணரும் குழிகள் இல்லை. பிறகு சூடு எதற்கு? சூட்டில்தான் மணம் பரவும். நாக்கை நீட்டி இழுக்கும்போதெல்லாம் காற்றிலுள்ள மணத்துகள்களை வாயின் மேலண்ணத்தில் இருக்கும் ஜேக்கப்சன் உறுப்புக்குக் கொண்டுபோகிறது. இது இரைதானா என்று அங்கேதான் முடிவாகிறது.

அந்த முடிவு சில வேளை ‘இல்லை’ என்று வரும். காட்டில் குட்டிகள் முதலில் பிடிப்பது பெரும்பாலும் பச்சை அனோல் என்ற சிறு ஓணான் வகையும் அரணையும் மரத்தவளையும். எலியின் மணம் எல்லாக் குட்டிக்கும் உணவின் மணமாகத் தோன்றுவதில்லை. அனுபவசாலிகள் பிங்கியைச் சோப்பில்லாத நீரில் கழுவி, ஓணான் உரித்த தோலை அதன் மேல் தேய்த்து வைப்பார்கள். எலி ஓணானாக மாறி உள்ளே போய்விடும். இரண்டு மூன்று முறை உண்டபின் மணம் பூசத் தேவைப்படாது.

ஆனால் மணத்தை ஆராய்வதற்கு முன் பெட்டியைப் பார்க்க வேண்டும். இரையை விழுங்கும்போது பாம்பால் கடிக்கவும் முடியாது, வேகமாக ஓடவும் முடியாது. வெட்டவெளியில் வாயைத் திறக்க அது அஞ்சுவது நியாயம். சிறு டப்பாவில் பிங்கியோடு குட்டியை வைத்து மூடி, அந்த டப்பாவைச் சூடான முனையில் இரவு முழுவதும் இருட்டில் விட்டால், பகலில் இடுக்கியால் ஆட்டிக் காட்டியபோது திரும்பிப் பார்க்காத குட்டி காலையில் வயிறு புடைத்துக் கிடக்கும். மறுத்தால் ஐந்தாறு நாள் விட்டு மறுபடி கொடுக்கலாம். நாள்தோறும் முகத்துக்கு நேரே இரையை நீட்டித் தொந்தரவு செய்வது பயத்தைத்தான் வளர்க்கும். கிராம் கணக்கில் அளக்கும் தராசு ஒன்று வாங்கி வாரம் ஒருமுறை எடை குறித்துவந்தால், எப்போது கவலைப்பட வேண்டும் என்பதை அந்த எண்களே சொல்லும்.

விழுங்கிய பின் இரண்டு நாள் தொடக் கூடாது. கையில் எடுத்து அலைக்கழித்தாலோ சூடு குறைந்தாலோ இரை பெரிதாக இருந்தாலோ கக்கிவிடும். கக்குவது குட்டிக்குச் சிறு விஷயமன்று. உணவோடு நீரும் செரிமானச் சாறுகளும் போய்விடுகின்றன, உணவுக்குழாயும் புண்படுகிறது. பத்து முதல் பதினான்கு நாள் ஓய்வு கொடுத்து, முன்னைவிடச் சிறிய இரையோடு மறுபடி தொடங்க வேண்டும். தொடர்ந்து கக்கினால், நடு உடல் வீங்கினால், கிரிப்டோஸ்போரிடியம் என்ற குடல் ஒட்டுண்ணியா என்று மருத்துவர் சோதிக்க வேண்டும்.

தனியாகவே

ஒன்றாகப் பொரிந்த குட்டிகளை ஒன்றாக வளர்த்தால் துணையாக இருக்குமே என்று தோன்றும். சோளப் பாம்புக் குட்டி தன் உடன்பிறந்ததையே விழுங்கிய நிகழ்வுகள் உண்டு. விழுங்கிய குட்டியும் பல வேளைகளில் பிழைப்பதில்லை. அப்படி நடக்காவிட்டாலும், சூடான மறைவிடம் ஒன்று, பாம்பு இரண்டு என்றால் போட்டி. ஒன்றின் மேல் ஒன்று சுருண்டு கிடப்பது பாசமாகத் தெரிந்தாலும், பெரும்பாலும் நல்ல இடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்பதே அதன் பொருள். யார் இரை எடுத்தது, யார் கக்கியது, யாருடைய கழிவில் கோளாறு என்பதும் தெரியாமல் போகும்.

மனிதக் கையும் குட்டிக்கு முதலில் ஓர் எதிரிதான். மேலிருந்து இறங்கும் நிழல் பறவையின் நிழல். குட்டி கழுத்தை வளைத்து உயர்த்தும், கொத்தும், வாலை நடுங்க வைக்கும், துர்நாற்றத் திரவத்தைப் பீச்சும். காட்டில் காய்ந்த சருகில் அந்த வால் நடுக்கம் கிலுகிலுப்பைப் பாம்பின் ஓசையை ஒத்திருக்கும். அதன் கடி தோலைக் கீறுவதே அரிது. புது வீட்டுக்கு வந்த முதல் வாரம் தொடாமல் விட்டு, இரண்டு முறையாவது இரை உண்டபின், பக்கவாட்டில் கையைக் கொண்டுபோய் உடலின் நடுப்பகுதியைத் தாங்கி எடுத்து ஐந்து நிமிடத்தில் திருப்பி விடுவதே பழக்கும் முறை. கண் மங்கிய நாட்களில் எடுக்கக் கூடாது.

தொட்ட பின் கையைச் சோப்பால் கழுவுவது நமக்கான விதி. நலமான பாம்பின் குடலிலும் சால்மொனெல்லா இருக்கக்கூடும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் உள்ள வீட்டில் ஊர்வனவற்றை வைக்க வேண்டாம் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவுறுத்துவது இதனால்தான்.

நிறம் மாறியது, தேவை மாறவில்லை

இன்று சந்தையில் கிடைக்கும் குட்டிகள் சிவப்பு, வெள்ளை, சாம்பல், இளஊதா என்று பல நிறங்களில் வருகின்றன. இதன் தொடக்கம் 1950களில் காட்டில் பிடிபட்ட, கருநிறமி இல்லாத ஒரு பாம்பு. ஜார்ஜியா மாநிலத்தின் தோல் மருத்துவர் பெர்னார்ட் பெக்டெலும் அவர் மனைவி எலிசபெத்தும் அந்தக் கிளையை வளர்த்து, இந்த நிறம் ஒடுங்கு பண்பாகத் தலைமுறை கடக்கிறது என்று 1960களின் தொடக்கத்தில் காட்டினார்கள். ஓசிஏ2 என்ற மரபணுவுக்குள் இடம்பெயரும் டிஎன்ஏ துண்டு ஒன்று செருகிக்கொண்டதே காரணம் என்பதை ஜெனீவா பல்கலைக்கழகத்தார் 2015இல் கண்டறிந்தார்கள். மனிதர்களில் தோல், கண் நிறமிழப்புக்குக் காரணமாகும் மரபணுக்களில் அதுவும் ஒன்று.

நிறத்துக்காக இத்தனை தலைமுறை பொறுக்கி வளர்த்தும் குட்டியின் அச்சமோ ஒளிவதற்கான ஆசையோ குறையவில்லை. அவற்றை யாரும் பொறுக்கி வளர்க்கவும் இல்லை. பிரிட்டனின் லிங்கன் பல்கலைக்கழகத்தார் 2021இல் வெளியிட்ட ஆய்வில், எளிய கூண்டும் பல பொருள்கள் நிறைந்த செறிவான கூண்டும் முன்னால் இருந்தபோது சோளப் பாம்புகள் செறிவானதையே நாடின. எளிய கூண்டில் வாழ்ந்து பழகியவையும் அப்படியே செய்தன. பழகிவிட்டது என்று நாம் சொல்வது, வேறு வழி இல்லை என்பதாகவும் இருக்கலாம்.

வாங்கும் முன்

நல்ல கவனிப்பில் இந்தப் பாம்பு 15, 20 ஆண்டு வாழும். 32 ஆண்டு வாழ்ந்ததும் பதிவாகியிருக்கிறது. சலித்துப்போனவர்கள் வெளியே விடுவதும், சரக்குகளோடு ஒளிந்து போவதும் நடந்து, கரீபியன் தீவுகள் பலவற்றில் சோளப் பாம்பு அயல் உயிரினமாக வேர்கொண்டுவிட்டது. ஆஸ்திரேலியாவில் அதை வைத்திருப்பதே குற்றம். பிறந்த மண்ணான நியூஜெர்சியிலோ அது அழிவின் விளிம்பில் உள்ள உயிரினமாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது.

தமிழ்நாட்டுக்கும் இந்த வணிகத்தின் வால் எட்டியிருக்கிறது. 2023இல் பாங்காக்கிலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு வந்த பெட்டிகளில் மலைப்பாம்புகளோடு சோளப் பாம்புகளும் பிடிபட்டன. துணிப்பையில் முடிந்து, வெப்பமும் நீரும் இன்றிப் பல மணி நேரம் பயணிக்கும் குட்டிகளின் நிலையை மேலே சொன்ன எண்களோடு பொருத்திப் பார்த்தால் போதும். இந்தியாவின் சொந்தப் பாம்புகளைப் பிடித்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அயல்நாட்டுப் பாம்பை உரிய அனுமதியின்றி இறக்குமதி செய்தால் சுங்கச் சட்டம் பாயும்.

சட்டப்படி வாங்கி வளர்க்கும் நாடுகளில், நல்ல வளர்ப்பாளரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி நிறத்தைப் பற்றியதன்று. குட்டி எத்தனை முறை இரை உண்டிருக்கிறது, எப்போது சட்டை உரித்தது, எடை என்ன என்பதே. எழுதி வைத்த கணக்கைக் காட்டுபவரிடம் வாங்கலாம்.

வீட்டுக்கு வந்த பின், பெட்டி சரியா என்பதைச் சொல்ல வேண்டியது நூலோ வெப்பமானியோ மட்டுமல்ல, குட்டி படுத்திருக்கும் இடமும்தான். நாள் முழுவதும் குளிர்ந்த முனையைவிட்டு நகராவிட்டால் சூடான முனை அளவுக்கு மீறிச் சூடு, அல்லது அங்கே மறைவு போதவில்லை. சூடான முனையிலேயே ஒட்டிக் கிடந்தால் பெட்டி குளிர். தண்ணீர்க் கிண்ணத்தில் ஊறிக்கொண்டே இருந்தால் வெப்பமோ வறட்சியோ செதிலிடுக்கில் உண்ணியோ காரணம். இரவும் பகலும் ஓயாமல் மூடியின் ஓரத்தை மூக்கால் முட்டினால் ஏதோ ஒன்று இல்லை. வாய் பிளந்து மூச்சுவிட்டாலோ மூக்கில் குமிழி வந்தாலோ அன்றே மருத்துவர். இன்று சூடான மறைவிடத்தில், நாளை குளிர்ந்த மறைவிடத்தில், சட்டை உரிக்கும் வாரத்தில் பாசிக்குள், இருட்டியபின் கிளைமேல் என்று இடம் மாற்றிக்கொண்டே இருக்கும் குட்டிதான் எல்லாம் கிடைத்த குட்டி. பகலில் பெட்டியைத் திறந்தால் அது கண்ணில் படாது. வளர்ப்பவருக்கு அது ஏமாற்றம். குட்டியைப் பொறுத்தவரை எல்லாம் ஒழுங்காக இருக்கிறது.